ஹிலிகாய்னோன்: 'பிசாயா'வின் வழக்கா, தனி மொழியா? வரியைப் பார்த்து அடையாளம் காண்பது எப்படி?

#1 · கோப்புக்காரன்

பிலிப்பைன்ஸிலிருந்து வந்த, 'பிசாயா' என்று மட்டும் சீட்டு ஒட்டிய ஒரு மூட்டை வரிகளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வானொலி அறிவிப்பு, சந்தைப் பேச்சு, பள்ளிப் பாடம் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒரே மொழி மாதிரித் தெரியவில்லை. சில வரிகளில் வினைக்கு முன்னால் 'கி' வருகிறது, சிலவற்றில் 'கின்' வருகிறது. சில வரிகள் மணிலாப் பக்கத்து மொழியான தாகலோக் போலவே இருக்கின்றன.

ஹிலிகாய்னோன் தனி மொழியா, பிசாயாவின் வட்டார வழக்கா? தனி என்றால், அகராதி புரட்டாமல் வரியைப் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க வழி உண்டா?

#2 · பனாய்வாசகன்

தனி மொழிதான். குழப்பம் 'பிசாயா' என்ற சீட்டில் இருக்கிறது. மொழியியலில் அது ஒரு கிளையின் பெயர். ஆனால் செபுவானோ (செபு தீவின் மொழி) பேசுகிறவர்கள் தங்கள் மொழியையே பிசாயா என்றுதான் சொல்வார்கள். தமிழும் கன்னடமும் துளுவும் கலந்த கட்டுக்குத் 'திராவிடம்' என்று சீட்டு ஒட்டி, அதில் ஒரு மொழிக்காரர் மட்டும் 'திராவிடம் என்றால் எங்கள் பேச்சுதான்' என்று சொன்னால் எப்படியிருக்கும்? அந்த நிலைதான்.

உறவுமுறை இப்படி: ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம், அதில் மலாய-பொலினீசியக் கிளை, அதற்குள் மத்திய பிலிப்பைன் மொழிகள். தாகலோக், பிகோல், பிசாய மொழிகள் எல்லாம் இந்தக் கடைசிக் கூட்டில் வருகின்றன. பிசாய மொழிகளை மொழியியலாளர் டேவிட் சோர்க் 1977-இல் ஐந்தாகப் பிரித்தார்: மேற்கு, பாந்தோன், நடு, செபுவானோ, தெற்கு. இன்றுவரை பெரும்பாலோர் கையாள்வது அந்தப் பிரிவைத்தான்.

ஹிலிகாய்னோன் நடுக் கிளையில் இருக்கிறது. அதே கிளையில் வாராய், மாஸ்பாத்தேன்யோ, ரோம்ப்லோமானோன், காபிஸ்னோன். பனாய் தீவில் ஹிலிகாய்னோனோடு வேலியைப் பகிர்ந்துகொள்ளும் கினாராய்-ஆவும் அக்லானோனும் மேற்குக் கிளை. அதாவது பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றுவிட்ட உறவு. செபு தீவையும் தாண்டிக் கிழக்கே சாமாரிலும் லெய்ட்டேயிலும் இருக்கும் வாராய்தான் கூடப்பிறந்தது. செபுவானோ தனிக் கிளை. வரைபடத்தில் பக்கமாக இருப்பதை வைத்து உறவைக் கணிக்கக் கூடாது என்பதற்குப் பனாயைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

#3 · செந்துறை

பேசுவோர் எவ்வளவு? சிறு மொழி என்றால் மூட்டையில் நாலு வரிகூட இருக்காதே.

#4 · பனாய்வாசகன்

சிறு மொழி இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் பேசும் மொழியைக் கேட்டார்கள். சுமார் 2 கோடியே 64 லட்சம் வீடுகளில் தாகலோக் 39.9 விழுக்காடு, பிசாயா 16.0, ஹிலிகாய்னோன் 7.3, இலோக்கானோ 7.1, செபுவானோ 6.5.

இரண்டு எச்சரிக்கை. இது வீட்டுக் கணக்கு, ஆள் கணக்கு அல்ல. இரண்டாவது, பிசாயா ஒரு வரிசையிலும் செபுவானோ வேறு வரிசையிலும் இருப்பதைப் பாருங்கள். பதில் சொன்னவர் வாயில் வந்த பெயரை அப்படியே எழுதியதன் விளைவு. இரண்டையும் கூட்டினாலும் பிரித்தாலும் ஹிலிகாய்னோனுக்கு மூன்றாம் இடம்தான்.

#5 · இடைச்சொல்

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். பெயர்ச்சொல்லைப் பார்க்காதீர்கள், இடைச்சொல்லைப் பாருங்கள். வீடு, மீன், கை, கண் எல்லாம் இந்த மொழிகளில் ஒன்றாகவோ ஒலி சற்று மாறியோ இருக்கும். அதை நம்பிப் பிரித்தால் பாதி தப்பாகும். வேற்றுமை உருபு, 'உம்' பொருள் தரும் இணைப்புச் சொல், வினைமுன்னொட்டு, 'மிக' என்று அழுத்தும் சொல் ஆகிய நாலும் பொய் சொல்லாது.

அதற்கு முன் ஓர் எழுத்துச் சிக்கல். தமிழில் எழுதும்போது வல்லினத்தின் இரண்டு ஒலியும் ஒன்றாகிவிடும். 'கின்', 'கினா', 'கிட்', 'காலி' நான்கிலும் முதல் எழுத்து 'கீதை'யின் கீ போல. 'காக்', 'காஓன்', 'கீத்தா', 'காமி', 'கூனோ', 'காரோன்' இவற்றில் 'கண்'ணின் க போல. 'பாக்கல்' என்பதில் 'பஸ்' என்று சொல்லும்போது வரும் ப.

ஹிலிகாய்னோனின் நாலு முத்திரைகள்:

உருபு சாங். தாகலோகில் அதன் இடத்தில் 'நாங்' (ஒலிப்பு நாங், எழுதுவது சுருக்கமாக இரண்டே எழுத்தில்), செபுவானோவில் 'ஓக்', 'சா'.

இணைப்பு காக். தாகலோகில் 'ஆட்', செபுவானோவில் 'ஊக்'.

செயப்பாட்டு இறந்தகால முன்னொட்டு கின். செபுவானோவில் 'கி'. தாகலோகில் பெரும்பாலும் சொல்லின் நடுவே 'இன்' நுழையும், ல-வில் தொடங்கும் சொல்லில் மட்டும் அது 'நி' என்று முன்னால் வரும்.

அழுத்தம் கிட். 'நாமிட் கிட்' என்றால் ரொம்ப ருசி. அதையே செபுவானோக்காரர் 'லாமி காஆயோ' என்பார்.

ஒரு வரியில் இந்த நாலில் இரண்டு கிடைத்தால் போதும்.

#6 · கோப்புக்காரன்

சோதித்துப் பார்க்க மூட்டையிலிருந்து நாலு வரி. எல்லாம் ஒரே கோப்பில் இருந்தவை:

அ) கின்பாக்கல் நி நானாய் ஆங் இஸ்டா காக் கின்லூத்தோ டாயோன்.
ஆ) கிபாலிட் நி நானாய் ஆங் இஸ்டா ஊக் கிலூத்தோ டாயோன்.
இ) பினிலி நி நானாய் ஆங் இஸ்டா ஆட் நிலூத்தோ ஆகாட்.
ஈ) வாலா பா சிலா.

#7 · இடைச்சொல்

முதல் மூன்றுக்கும் ஒரே பொருள்: அம்மா மீனை வாங்கி உடனே சமைத்தாள். அ ஹிலிகாய்னோன், ஆ செபுவானோ, இ தாகலோக்.

'நி நானாய் ஆங் இஸ்டா' என்ற நடுப்பகுதி மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பெயர்ச்சொல்லை நம்பாதீர்கள் என்றது இதற்குத்தான். சமைத்தலுக்கான 'லூத்தோ'வும் மூன்றிலும் இருக்கிறது. மாறுவது முன்னொட்டும் இணைப்பும்: கின்/காக், கி/ஊக், இன்/ஆட். வாங்குவதற்கு மட்டும் மூன்று வேர்கள். ஹிலிகாய்னோனின் 'பாக்கல்' தாகலோகில் இரும்பு என்று பொருள்படும் என்பது கூடுதல் தொல்லை.

ஈ-யைப் பிரிக்க முடியாது. 'அவர்கள் இன்னும் வரவில்லை' என்பதை மூன்று மொழியிலும் இப்படியே சொல்லலாம். இந்த மாதிரி வரிகளுக்குத் தனிக் கோப்பு போடுங்கள். முன்பின் வரி இல்லாமல் சீட்டு ஒட்டினால் அது ஊகம்தான்.

#8 · அலைமகன்

#5-இல் ஒரு திருத்தம். 'கின்' ஹிலிகாய்னோனின் தனி முத்திரை இல்லை. வாராயிலும் 'கின்'தான். மாஸ்பாத்தேன்யோவிலும் உண்டு. 'காக்', 'கிட்' இரண்டும் கினாராய்-ஆவிலும் இருக்கின்றன. ஆகவே இரண்டு கிடைத்தால் போதும் என்ற கணக்கில் கினாராய்-ஆ வரிகள் ஹிலிகாய்னோன் கோப்புக்குள் நைசாக நுழைந்துவிடும்.

#9 · இடைச்சொல்

சரிதான், அவசரப்பட்டுவிட்டேன். அப்படியானால் உருபை நடுவராக வைப்போம். வாராய் என்றால் 'ஹான்', 'ஹின்' வரும், 'அவன்' என்பது 'ஹியா' ஆகும், இணைப்பு 'ஙான்'. மாஸ்பாத்தேன்யோவில் 'சான்', 'சின்'. கினாராய்-ஆவில் 'சாங்' இருக்க வேண்டிய இடத்தில் 'காங்'. அக்லானோன் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்: எழுவாய்க்கு 'ரோ', 'உம்'முக்கு 'ஆக்', உருபு 'இட்', 'கு'.

'சாங்' இருந்தால் ஹிலிகாய்னோன் அல்லது காபிஸ்னோன். இந்த இரண்டையும் எழுத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம், நான் முயலவே மாட்டேன். பழைய அச்சில் 'சாங்'கோடு 'சிங்'கும் வரும். குறிப்பிட்ட பொருளுக்குச் 'சாங்', ஏதோ ஒன்றுக்குச் 'சிங்'. இன்றைய பேச்சில் 'சிங்' ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. ஆகவே 'சிங்' நிறைய வந்தால் பழைய நூலோ வேதாகம நடையோதான்.

#10 · அலைமகன்

கினாராய்-ஆவைப் பிடிக்க இன்னும் ஒரு வழி. ஹிலிகாய்னோனில் ல வரும் சில இடங்களில் அங்கே ர வரும். 'இல்லை' ஹிலிகாய்னோனில் 'வாலா', கினாராய்-ஆவில் 'வாரா'. வாயை அகலத் திறக்காமல் சொல்லும் நடு உயிர் ஒன்றும் அங்கே மிஞ்சியிருக்கிறது. ஹிலிகாய்னோனில் அது உ-ஒ ஆகிவிட்டது. காலை வணக்கம் ஹிலிகாய்னோனில் 'மாஆயோங் ஆகா', கினாராய்-ஆவில் 'மாயாட் ஙா ஆகா', செபுவானோவில் 'மாஆயோங் பூந்தாக்'. நாய் ஹிலிகாய்னோனில் 'ஈடோ', செபுவானோவில் 'ஈரோ', கினாராய்-ஆவில் 'ஆயாம்', தாகலோகில் 'ஆசோ'. அந்த 'ஆசோ'வை ஹிலிகாய்னோனில் சொன்னால் புகை.

#11 · யாழ்நெய்தல்

'ஙா' எண்டதைப் பார்த்ததும் சிரிப்பு வந்திட்டுது. எங்கட அகராதியில ஒரு பக்கம் கூட நிரம்பாத ங, அங்க அடைமொழிக்கும் பெயருக்கும் நடுவில வாக்கியத்துக்கு வாக்கியம் வருது. 'ஙாலான்' எண்டா பெயர், 'ஙா-ஆ' எண்டா ஏன். 'ஙப்போல் வளை'க்கு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு.

தமிழ் தெரிஞ்சவைக்கு இந்த மொழியில நாலைஞ்சு இடம் சுளுவாப் பிடிபடும். கேட்கிற ஆளையும் சேர்த்த 'நாம்' அங்க 'கீத்தா', சேர்க்காத 'நாங்கள்' 'காமி'. ஆங்கிலத்தால படிக்கிறவை இதில தடுமாறுவினம், எங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். பிறகு 'கூனோ'. 'அவன் பாக்கோலோட்டுக்குப் போனானாம்' எண்டதில வாற 'ஆம்' தான் அது, தாகலோகில 'டாவ்'. 'காலி' எண்டா இப்பதான் தெரிய வந்தது எண்ட வியப்பு: 'இக்காவ் காலி' எண்டா 'அட, நீயா!'

சுட்டும் மூண்டு. 'டிரி' இங்க, 'டிரா' உங்களுக்குக் கிட்ட, 'டிட்தோ' அங்க தூரத்தில. இது, உது, அது எண்டு இண்டைக்கும் சொல்லுற யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

#12 · செந்துறை

அப்படியென்றால் பழைய தொடர்பு ஏதாவது... குமரிக்கண்டம்... 😀

#13 · பனாய்வாசகன்

தம்பி, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நாம்/நாங்கள் வேறுபாடு ஆஸ்ட்ரோனேசிய மொழிகள் முழுக்க இருக்கிறது, திராவிடத்திலும் இருக்கிறது, ஒன்றிலிருந்து ஒன்று வந்ததல்ல. உறவு பார்க்கும்போது சொல்லும் ஒலியும் ஒழுங்காக மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். குணம் ஒத்துப்போவது போதாது.

ஒத்துப்போகிற இன்னொன்றைச் சொல்கிறேன், இதுவும் வயலிலிருந்து வந்தது, வம்சத்திலிருந்து அல்ல. நெல் 'ஹூமாய்', அரிசி 'பூகாஸ்', சோறு 'கான்-ஓன்'. மூன்றும் தனித்தனி. ஆங்கிலம் வழியே மொழிபெயர்த்த கோப்பில் மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். 'அம்மா நெல்லை உண்டாள்' என்ற மாதிரி வரி கிடைத்தால் காரணம் இதுதான்.

#14 · கோப்புக்காரன்

'இந்தி' என்று அடிக்கடி வருகிறதே? மொழிப் பெயர் என்று நினைத்து ஒரு கட்டையே தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

#15 · இடைச்சொல்

திரும்ப எடுத்து உள்ளே போடுங்கள். ஹிலிகாய்னோனில் 'இந்தி' என்றால் 'மாட்டேன், வேண்டாம், அல்ல'. தமிழ்நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அங்கே தாகலோகை அடிப்படையாக வைத்துத் தேசிய மொழி என்று குடியரசுத் தலைவர் கேசோன் ஆணையிட்டதும் 1937 டிசம்பர்தான். இங்கே ராஜாஜி காலத்துப் போராட்டம் கிளம்பிய அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல்.

இலக்கணம் இதுதான்: நடந்ததையும் நடப்பதையும் மறுக்க 'வாலா', இனி நடப்பதை மறுக்கவும் பெயரை மறுக்கவும் 'இந்தி'. 'வாலா ஆக்கோ நாக்-காஓன்' சாப்பிடவில்லை. 'இந்தி ஆக்கோ மாக்-காஓன்' சாப்பிட மாட்டேன். 'இந்தி ஆக்கோ டோக்தோர்' நான் டாக்டர் அல்ல. தாகலோகின் 'ஹிந்தி' இதன் உறவுதான், ஆனால் அது நடந்ததையும் மறுக்கும். செபுவானோவில் 'டிலி'. ஆக, எழுத்தில் ஹ இல்லாத 'இந்தி' ஹிலிகாய்னோன் பக்கம் சாய்க்கும் நல்ல சான்று.

#16 · அலைமகன்

வினையில் செபுவானோ தெரிந்தவர் விழுகிற குழி ஒன்று உண்டு, மொழிபெயர்ப்புச் சரிபார்க்கிறவர்கள் கவனிக்கவும்.

ஹிலிகாய்னோனில் 'நாக்' முடிந்த செயல், 'நாகா' நடந்துகொண்டிருக்கிற செயல், 'மாகா' அல்லது வெறும் 'மா' இனி நடப்பது. 'நாக்-காஓன் ஆக்கோ' சாப்பிட்டேன். 'நாகா-காஓன் ஆக்கோ' சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். செபுவானோவிலோ 'நாக்-காஓன் கோ' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே முன்னொட்டு, வேறு காலம். செபுவானோ தெரிந்த ஒருவரிடம் ஹிலிகாய்னோன் கோப்பைக் கொடுத்தால் முடிந்ததெல்லாம் நடந்துகொண்டிருப்பதாக மாறித் திரும்பி வரும். வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருக்கும், அதனால் யார் கண்ணிலும் படாது.

தாகலோக்காரர் விழுகிற குழி வேறு. அவர்கள் வேரின் முதல் அசையை இரட்டிப்பார்கள், 'உம்' நுழைப்பார்கள்: 'குமாகாயின்'. ஹிலிகாய்னோனில் காலம் காட்ட அந்த இரட்டிப்பு கிடையாது, 'நாகா' அந்த வேலையைச் செய்துவிடும்.

#17 · இடைச்சொல்

'கின்'னிலும் ஒரு மறைவிடம் இருக்கிறது. 'பாக்கல்' என்ற வேரை எடுத்தால் இறந்தகாலம் 'கின்பாக்கல்', எதிர்காலம் 'பாக்லோன்', அதாவது பின்னொட்டு 'ஓன்'. 'ஹாத்தாக்' (கொடு) என்றால் இறந்தகாலம் 'கின்ஹாத்தாக்', எதிர்காலம் 'இ-ஹாத்தாக்', அதாவது முன்னொட்டு 'இ'. இறந்தகாலத்தில் இரண்டும் ஒரே உருவம். எது எந்த வகை என்று அதிலிருந்து தெரியவே தெரியாது. அதனால் ஹிலிகாய்னோன் வினையை எதிர்கால வடிவத்தோடு சேர்த்துத்தான் குறித்து வைக்க வேண்டும்.

'ஆன்' சேர்ந்தால் யாருக்கு, எங்கே என்பது முன்னால் வரும்:

கின்ஹாத்தாக் கோ ஆங் லிப்ரோ சா ஈமோ. (அந்தப் புத்தகத்தை உனக்குக் கொடுத்தேன். பேச்சு புத்தகத்தைப் பற்றி.)
கின்ஹாத்தாகான் கோ இக்காவ் சாங் லிப்ரோ. (உனக்கு ஒரு புத்தகம் கொடுத்தேன். பேச்சு உன்னைப் பற்றி.)

தமிழில் நாம் வேற்றுமை உருபைப் பெயரில் ஒட்டுகிற வேலையில் பாதியை அங்கே வினை சுமக்கிறது. இதைச் 'செயப்பாட்டுவினை' என்று நான் #5-இல் எழுதியதும் வசதிக்காகத்தான். 'என்னால் கொடுக்கப்பட்டது' என்ற மணம் அங்கே கொஞ்சமும் இல்லை. வீட்டில் பேசுகிற சாதாரணப் பேச்சு அது.

#18 · செந்துறை

நாள், நேரம் சொல்லும் சொற்கள்? அறிவிப்பு வரிகளில் அதுதான் முக்கியம்.

#19 · அலைமகன்

இரண்டே விஷயம், ஆனால் இரண்டும் ஆளைக் கவிழ்க்கும்.

'காரோன்' செபுவானோவில் இப்போது. ஹிலிகாய்னோனில் இன்றைக்கே, ஆனால் பிறகு. ஹிலிகாய்னோனில் 'இப்போது' என்பது 'சூபோங்'. 'காரோன் தண்ணீர் நிற்கும்' என்ற அறிவிப்பை எந்த மொழி என்று தெரியாமல் படித்தால், ஒருவர் உடனே குடத்தைத் தூக்குவார், இன்னொருவர் சாயங்காலம் பார்க்கலாம் என்று இருப்பார்.

அடுத்தது 'சாங்', 'சா'. கிழமையோடு 'சாங்' வந்தால் கடந்தது, 'சா' வந்தால் வரப்போவது. 'சாங் லூனெஸ்' போன திங்கள், 'சா லூனெஸ்' வருகிற திங்கள். ஓர் எழுத்துப் பிழையில் ஒரு வாரம் நகர்ந்துவிடும். கிழமைகளும் சந்தையில் விலை சொல்லும் பெரிய எண்களும் ஸ்பானியம்தான். 'தாக்பீலா' (ஒன்று என்ன விலை) என்று உள்ளூர்ச் சொல்லில் கேட்டால், பதில் 'பெய்ந்தே', 'சிங்க்குவெந்தா' என்று ஸ்பானிய எண்ணில் வரும்.

#20 · பனாய்வாசகன்

வரி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கோப்பில் இருந்தால் பிரிப்பது பாதி முடிந்த மாதிரி. ஆனால் மாகாணப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

தாய்வீடு பனாய் தீவின் இலோய்லோ கரையும் குய்மாராஸ் தீவும். இலோய்லோ துறைமுகம் 1855-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. மறு ஆண்டு பிரிட்டிஷ் துணைத் தூதர் நிக்கோலஸ் லோனி வந்தார். ஆலைத் துணி மலிவாக இறங்க இறங்க இலோய்லோவின் தறிகள் ஓய்ந்தன, முதலும் ஆளும் எதிர்க்கரையில் நெக்ரோஸின் கரும்புக்குப் போனார்கள். அவர்களோடு மொழியும் நீரிணையைக் கடந்தது. இன்றைக்கு நெக்ரோஸ் ஆக்ஸிடென்டல் ஹிலிகாய்னோன் கோட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம். கரும்பு வெட்டப் பருவத்துக்குப் பருவம் பனாயின் மேற்குக் கரை அந்திக்கேயிலிருந்து போன சக்காதா கூலிகள் கினாராய்-ஆ பேசியவர்கள். அந்தச் சுவடும் ஆங்காங்கே கிடைக்கும்.

அதே மாகாணத்தின் வடகிழக்குக் கரை செபுவைப் பார்த்தபடி இருக்கிறது. சான் கார்லோஸ் பக்கம் பேச்சு செபுவானோ. மலைமுதுகுக்கு அப்பால் நெக்ரோஸ் ஓரியென்டலில் பெரும்பாலும் செபுவானோதான். 2024-இல் இரண்டு மாகாணங்களையும் சிகிஹோர் தீவையும் சேர்த்து நெக்ரோஸ் தீவு மண்டலம் என்று அமைத்துவிட்டார்கள். இனி 'மண்டலம்: நெக்ரோஸ்' என்ற குறிப்பு மொழியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

தெற்கே மிந்தனாவோ தீவை மறந்துவிடாதீர்கள். 1939-இல் அரசு தொடங்கிய குடியேற்றத் திட்டத்தோடு கோரோனடால் பள்ளத்தாக்குக்குப் போனவர்களில் பனாய்க்காரர்கள் கணிசம். தெற்கு கோட்டபாட்டோ, சுல்தான் குடாரட் பக்கம் இன்றும் ஹிலிகாய்னோன் சந்தைமொழி. சற்றுத் தெற்கே ஜெனரல் சாண்டோஸ் நகரத்துக்கு இறங்கினால் செபுவானோவின் கை ஓங்கிவிடும்.

#21 · யாழ்நெய்தல்

'இலோங்கோ' எண்டும் ஒரு பேர் வருதே, அதுவும் இதுவும் ஒண்டோ?

#22 · அலைமகன்

பேச்சில் ஒன்றுதான். 'இலோங்கோ' என்பது இலோய்லோவோடு ஒட்டிய ஆள் பெயர், மக்களுக்கும் பண்பாட்டுக்கும் சொல்வது. மொழியை எழுத்தில் குறிக்க 'ஹிலிகாய்னோன்'. ஆனால் சந்தையில் கேட்டால் 'இலோங்கோ பேசுகிறோம்' என்றுதான் பதில் வரும். இதில் ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது. கினாராய்-ஆ பேசுகிற இலோய்லோ உள்நாட்டாரும் இலோங்கோதான், ஆனால் ஹிலிகாய்னோன் அல்ல. 'மலைக்காரர் பேசுகிற கொச்சை ஹிலிகாய்னோன்' என்று அவர்கள் மொழியை நகரத்தார் சொல்லிவந்தது தவறு மட்டுமல்ல, தலைகீழும்கூட. நடு உயிரைக் காப்பாற்றி வைத்திருக்கிற கினாராய்-ஆவில்தான் அந்த விஷயத்தில் பழைய நிலை தெரிகிறது.

அகஸ்தீனியத் துறவி மெந்த்ரிதாவின் 1637 சொற்கோவையின் தலைப்பிலேயே ஹிலிகாய்னோனும் 'ஹாராயா'வும் தனித்தனியாக நிற்கின்றன. கிட்டத்தட்ட 400 ஆண்டுகளுக்கு முன் தெரிந்த வேறுபாடு இது.

ஹினிலாவோட் காவியத்தை 'ஹிலிகாய்னோன் காவியம்' என்று போடுவதும் இதே பிழை. மானிடவியலாளர் லாண்டா ஹோக்கானோ 1950-களில் பதிவு செய்தது நடுப்பனாய் மலைவாசிகளான சூலோட் மக்களிடமிருந்து. அந்தப் பாட்டுமொழி கினாராய்-ஆவின் பழைய வடிவத்துக்கு நெருக்கம்.

#23 · பனாய்வாசகன்

அச்சில் ஹிலிகாய்னோனுக்கு சொத்து நிறைய. மாக்தலேனா ஹாலாந்தோனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாவல் எழுதினார். வார இதழ்த் தொடர்கதைகளால் வாழ்ந்த மொழி அது. ராமோன் முசோனேஸுக்கு 2018-இல், மறைவுக்குப் பின், தேசியக் கலைஞர் பட்டம் கிடைத்தது.

பள்ளியில் நிலை வேறு. 1987 அரசியல் சட்டப்படி பிலிப்பினோவும் (தாகலோகை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழி) ஆங்கிலமும் ஆட்சிமொழி, வட்டார மொழிகள் அந்தந்த வட்டாரத்தில் துணை ஆட்சிமொழி. 2012-இல் தாய்மொழிக் கல்வி தொடங்கியபோது 12 மொழிகளில் ஹிலிகாய்னோனும் ஒன்று. கினாராய்-ஆவும் அக்லானோனும் மறு ஆண்டுதான் சேர்ந்தன, பட்டியல் 19 ஆயிற்று. 2024 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கையெழுத்து இல்லாமலே சட்டமான ஒரு மசோதா, மூன்றாம் வகுப்புவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தாய்மொழி உள்ள வகுப்பில் மட்டும் விருப்பப்பட்டால் நடத்தலாம். ஆக, உங்கள் மூட்டையில் பாடப்புத்தக ஹிலிகாய்னோன் இருந்தால் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட 12 ஆண்டுக்குள் எழுதியதாக இருக்கும்.

#24 · செந்துறை

கட்டாயத்தை எடுத்ததில் தப்பில்லை என்பேன். கோரோனடாலில் ஒரே வகுப்பில் ஹிலிகாய்னோன், செபுவானோ, இலோக்கானோ, பிலாஆன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் எதில் நடத்துவது?

#25 · பனாய்வாசகன்

அந்த வகுப்புக்கு உங்கள் வாதம் சரி. இலோய்லோ கிராமத்தில் நாற்பது பிள்ளைகளுக்கும் வீட்டில் கினாராய்-ஆ இருக்கும் வகுப்புக்கு அது பொருந்தாது. புத்தகமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதாமல் தடுமாறியதை மொழியின் குற்றமாக எழுதிவிட்டார்கள் என்பது என் எண்ணம். இது தனி இழைக்கான விஷயம், விட்டுவிடுவோம்.

#26 · இடைச்சொல்

கோப்புக்காரரே, பிரிக்கும் முன் எழுத்தைச் சுத்தம் செய்யுங்கள், ஆனால் இடைக்கோட்டைத் தொடாதீர்கள். நிறுத்தற்குறிகளை அள்ளிப் போடும் நிரல் எதை ஓட்டினாலும் முதலில் போவது அதுதான். ஹிலிகாய்னோனில் இடைக்கோடு அழகுக்கு இல்லை, தொண்டையில் மூச்சு ஒரு கணம் நிற்பதைக் காட்டும் எழுத்து. 'காப்-இ' என்றால் இரவு. கோடு போனால் 'காபி', அது சேப்பங்கிழங்கு. 'மாஆயோங் காப்-இ' என்ற இரவு வணக்கம் 'நல்ல சேப்பங்கிழங்கு' ஆகிவிடும். 'கான்-ஓன்' (சோறு), 'பாக்-ஓ' (புதிது), 'சின்-ஓ' (யார்) எல்லாவற்றுக்கும் இதே கதி.

உ/ஒ, இ/எ மாற்றி எழுதுவது பிழை இல்லை. சொந்தச் சொல்லில் கடைசி அசைக்கு ஒ, மற்ற இடத்துக்கு உ என்பது பொது வழக்கம், எல்லோரும் பின்பற்றுவதில்லை. தேடும்போது இரண்டையும் தேடுங்கள். ஸ்பானியக் காலத்து நூல்களில் 'காக்', 'காஓன்' போன்றவை ஸ்பானிய முறையில் வேறு முதலெழுத்தோடு வரும். அதற்கும் ஒரு மாற்று விதி எழுதி வைக்கவும்.

மொழிக் குறியீடு போடும்போது: ஹிலிகாய்னோனுக்கு ஹெச்-ஐ-எல், செபுவானோவுக்கு சி-இ-பி, வாராய்க்கு டபிள்யூ-ஏ-ஆர், கினாராய்-ஆவுக்கு கே-ஆர்-ஜே, அக்லானோனுக்கு ஏ-கே-எல், காபிஸ்னோனுக்கு சி-பி-எஸ்.

#27 · கோப்புக்காரன்

உருபை நடுவராக வைத்து ஓட்டியதில் பெரும்பகுதி பிரிந்துவிட்டது. 'வாலா பா சிலா' வகை தனியே. 'இந்தி' கட்டு உள்ளே வந்துவிட்டது. இடைக்கோடு ஏற்கெனவே போன ஒரு கோப்பில் ஏகப்பட்ட சேப்பங்கிழங்கு, அதை மூலத்திலிருந்து திரும்ப எடுக்க வேண்டும்.

ஒரு வரி மட்டும் நிற்கிறது: 'ஆம்போட் சா ஈமோ.' சாங் இல்லை, காக் இல்லை, கின்னும் இல்லை. 'ஆம்போட்' (தெரியாது) இரண்டு மொழியிலும் இருக்கிறதே?

#28 · அலைமகன்

இருக்கிறது. 'சா ஈமோ'வும் உதவாது. செபுவானோக்காரரும் அப்படிச் சொல்வார். 'வாலா பா சிலா' வகையோடு தனிக் கோப்பில் போடுங்கள்.